பூனை செத்த செய்தியும் மூன்று மாதக் காத்திருப்பும்

பிரிட்டனில் யூகாஸ் என்ற பொதுப் பல்கலைக்கழக விண்ணப்ப அமைப்பு வழியாக மருத்துவப் படிப்புக்கு 4 இடங்களுக்கு மேல் கேட்க முடியாது. கடைசி நாள் அக்டோபர் 15. மிச்சமிருந்த ஐந்தாவது தெரிவில் உயிர்மருத்துவ அறிவியல் போட்டேன்.

டிசம்பரில் முதல் நேர்காணல், எம்.எம்.ஐ. எனப்படும் பல குறு நேர்காணல்கள் முறையில். ஒவ்வொரு மேசையிலும் சில நிமிடங்கள்தான், மணி அடித்ததும் அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரு மேசையில் ஒரு நடிகை என் பக்கத்து வீட்டுக்காரராக நடித்தார். அவருடைய பூனை என் காரில் அடிபட்டுச் செத்ததை நான் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்திருந்த ஆறுதல் வரிகளை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் அழுததைக் கவனிக்கவே இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை.

அப்புறம் அம்மாவை உட்காரவைத்து, சமையலறைக் கடிகாரத்தில் 6 நிமிடம் வைத்துப் பழகினேன். கெட்ட செய்தியைச் சொன்னதும் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பேசக்கூடாது என்பது ஒரே விதி. முதல் நாளே அம்மா நிஜமாகவே அழுதுவிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா இறந்த செய்தி போனில் வந்த இரவு நினைவுக்கு வந்ததாம். சும்மா பக்கத்தில் இருந்தேன். எந்தப் புத்தகமும் இவ்வளவு கற்றுத்தரவில்லை.

மற்ற நேர்காணல்களின் பதிலுக்குக் காத்திருப்பதுதான் அதைவிடக் கொடுமை. வகுப்பிலும் மின்னஞ்சலைத் திறந்துகொண்டே இருந்தேன். அறிவிப்பு ஒலியை நிறுத்தி, மாலை 6 மணிக்கு ஒரே ஒரு முறை பார்ப்பது என்று முடிவு செய்தேன். சில பல்கலைக்கழகங்கள் எல்லா நேர்காணல்களும் முடிந்த பிறகே பதில் அனுப்பும் என்று தெரிந்ததும் பயம் பாதி குறைந்தது. மிச்ச நேரம் வேதியியலுக்குப் போனது.

மார்ச் மாதம் ஒரு மாலை, பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவல் மதிப்பெண் நிபந்தனையுடன் ஓர் இடம் வந்தது. அம்மாவிடம் சொல்லிவிட்டு ஐந்து எண்ணினேன்.