கடல் களிமண்ணுக்கு வயது பார்ப்பது எப்படி? திருப்பூர் வீட்டு மேசையில் ஒரு செய்முறை

முதலிலேயே ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். மண்ணில் புதைந்த நுண்ணிய கடலுயிர் ஓடுகளைப் பொறுக்கி வயது சொல்லும் இந்த வேலை கொங்கு நாட்டுக் கல்லில் நடக்காது. சிவன்மலை, சங்ககிரி என்று எங்கே தட்டினாலும் பூமிக்கடியில் வெந்து இறுகிய பாறைதான். மதுக்கரையில்தான் சுண்ணாம்புக்கல் இருக்கிறதே என்று நானும் ஒரு பை நிறையக் கொண்டுவந்தேன். அதுவும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் படிகமாக மாறிப்போன கல். ஒரு காலத்தில் ஓடுகள் இருந்திருந்தாலும் இப்போது மிஞ்சாது.

ஆகவே கிழக்கே போங்கள். பெரம்பலூர் மாவட்டம் காரைப் பக்கம், டைனோசர் யுகத்தின் கடைசிப் பகுதியான கிரிட்டேசியஸ் காலக் கடல் விட்டுப்போன களிமண் மேடுகள் இருக்கின்றன. நடுவே ஜிப்சம் பட்டைகள் வெயிலில் மின்னும். நாம் தேடுவது ஃபோராமினிஃபெரா: ஒற்றைச் செல் கடலுயிர்கள். பெரும்பாலும் ரவையைவிடச் சிறிய சுண்ணாம்பு ஓடுகள்.

மண் எடுப்பது

நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மழையில் கரைந்த மேல்மண்ணை ஒரு சாண் சுரண்டித் தள்ளிவிட்டு, உள்ளிருக்கும் களியில் கால் கிலோ போதும். அடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே எடுங்கள். அடுக்குக்கு ஒரு பை, பைமேல் உயரம். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண்.

கழுவுவது

நேரம் பிடிப்பது இதுதான். களியை நன்றாகக் காயவைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறப் போடுங்கள். நுரைத்துக்கொண்டே பிளந்துவிடும். கையுறை கட்டாயம். சாயப்பட்டறையில் வெளுப்பதற்கு வைத்திருக்கும் கேன் வேண்டாம். அது தோலைப் பொசுக்கிவிடும். ரொம்ப நேரம் ஊறவும் விடாதீர்கள், ஓடும் அரிபடும்.

ஆய்வுக்கூடத்தில் 63 மைக்ரான் சல்லடை வைத்திருப்பார்கள், விலை அதிகம். நம்மூரில் பனியனுக்குப் பிரிண்ட் போடும் பட்டறைகளில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெஷ் துணி இருக்கிறதே, அதில் அங்குலத்துக்கு 230 கண் உள்ளது பழக ஏற்றது. நூல் தடிமனுக்கேற்பக் கண் மாறும், தோராயம்தான். தண்ணீர் தெளிவாக ஓடும்வரை மெதுவாக அலசுங்கள், தேய்க்காதீர்கள்.

அடுத்த மண்ணைக் கழுவுமுன் துணியை மெத்திலீன் ப்ளூவில் நனைத்தெடுங்கள். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும். கண்ணில் சிக்கி நின்ற பழைய ஓடு நீலமாகிவிடும், பிறகு வேறு அடுக்கில் தென்பட்டாலும் ஏமாற மாட்டீர்கள்.

பொறுக்குவது

காய்ந்ததைக் கறுப்புத் தட்டில் தூவி, ஸ்டீரியோ நுண்ணோக்கியில் பாருங்கள். ஈரமான 000 எண் (மிக மெல்லிய) தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக ஒற்றியெடுக்க வேண்டும். முதல் நாள் எல்லாமே மணலாகத்தான் தெரியும். அப்புறம் திடீரென்று சுருள் சுருளாக அறைகள் புலப்படும். கடலடியில் வாழ்ந்தவற்றைத் தனியே வையுங்கள், அவை ஆழத்தைச் சொல்லும். வயதுக்கு, நீரில் மிதந்தபடி பல கடல்களுக்கும் பரவியவைதான் உதவும்.

வயது சொல்வது

ஓர் இனம் முதலில் தோன்றிய காலம், மறைந்த காலம் இரண்டுக்கும் நடுவேதான் அடுக்கு இருக்க முடியும். தால்மனினெல்லா குளோபோட்ரன்கனாய்டெஸ் என்ற மிதக்கும் இனம் கிடைத்தது என்று வையுங்கள். அதன் முதல் தோற்றமே கிரிட்டேசியஸின் ஒரு பகுதியான செனோமேனியன் காலத்தின் தொடக்கம், அதாவது 10.05 கோடி ஆண்டுக்கு முன். 9.39 கோடி ஆண்டுக்கு முன் செனோமேனியன் முடிந்தது, அதற்குப் பின் அந்த இனம் இல்லை. ஒரே ஓடு இரண்டு பக்கமும் வேலி போட்டுவிட்டது. கூடக் கிடைக்கும் இனங்களை வைத்து வேலியை இன்னும் நெருக்கலாம்.

இந்த எண்களை ஓடு தருவதில்லை. ஓடு சொல்வது முந்தியது எது, பிந்தியது எது என்பதை மட்டும். எரிமலைச் சாம்பல் அடுக்குகளிலுள்ள சிர்கான் என்ற தாதுவை, யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று பார்க்கும் யுரேனியம்-ஈய முறையில் அளந்து, காலக்கணக்கில் பொருத்தியதால் கிடைத்தவை அவை.

ஒரே அடுக்கில் பழையதும் புதியதும் கலந்து கிடந்தால் இளையதை நம்புங்கள். பழைய கரை அரிக்கப்பட்டு, அதன் ஓடுகள் புதிய சேற்றில் வந்து சேர்ந்திருக்கும். ஆழ்துளைக் கிணற்று மண்ணென்றால் ஜாக்கிரதை, அங்கே தலைகீழ்! திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஓட்டுபவர்களைக் கேளுங்கள், மேல்மண் உள்ளே சரிவது சகஜம் என்பார்கள். அதனால் கீழ்மண்ணில் இளைய ஓடு வந்ததென்று துள்ள வேண்டாம். மேலிருந்து இறங்கும்போது ஓர் இனம் எந்த ஆழத்தில் முதன்முதலாகத் தலைகாட்டுகிறதோ, அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் அந்த இனம் மறைந்த காலத்தைக் காட்டும்.