ரெசின் டப்பாவைத் திறக்கும் முன்பே நடக்கும் தவறுகள்

ஏற்காட்டில் சித்தப்பா வீட்டு வாசலில் கார் ஏறும் சாய்தளம் பழைய கான்கிரீட். பாசி பிடித்து, அங்கங்கே பெயர்ந்திருந்தது. உடைத்து அள்ளாமல் மேலேயே ரெசின் என்கிற ரசாயனப் பசையையும் பேபி சிப்ஸ் என்கிற பொடிக் கல்லையும் கலந்து பூசிவிடலாம் என்று ஐப்பசியில் ஆள் வைத்தார். வந்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "கல் என்ன கலர் சார்?" மறுநாள் காலையில் பார்த்தால் பாதித் தளம் ஆப்பம் மாதிரி குமிழ் குமிழாகப் பொங்கி, மேலே வெள்ளை பூத்துக் கிடந்தது.

ஈரம்தான் காரணம். இந்த வேலைக்குப் பெரும்பாலும் எடுப்பது பாலியூரித்தேன் ரெசின். தண்ணீர் சேர்ந்தால் அது கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டு நுரைக்கும். அதற்கு மழை வேண்டியதில்லை, மலையில் காலைப் பனியே போதும். அதனால் தளத்தின் சூடு பனிப்புள்ளியைவிட, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். கல்லையும் சூளையில் உலர்த்தி மூட்டை கட்டியதாகத்தான் வாங்க வேண்டும். கழுவி மொட்டை மாடியில் காயவைத்த சிப்ஸ் இதற்கு ஆகாது.

அடியிலிருந்து ஏறும் ஈரத்தை யாரும் பார்ப்பதில்லை. ஒரு பாலிதீன் ஷீட்டைத் தளத்தில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். எடுக்கும்போது அடியில் நீர் முத்தோ, கான்கிரீட்டில் கறுப்போ தெரிந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். மலைச்சரிவு வீடுகளில் மேல்பக்க மண்ணிலிருந்து கசிவு வரும். முதலில் அதற்கு வடிகால் வெட்ட வேண்டும்.

சேலத்தில் கதையே வேறு. சித்திரை மதியத்தில் பூசினால் கரணையை இழுப்பதற்குள் கலவை இறுகிவிடும். விடிந்து ஈரம் காய்ந்ததும் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். விலை குறைவு என்று வாங்கும் ரெசின் வெயிலில் மஞ்சளிக்கும். யுவி தாங்கும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, நம்மூரில் வெள்ளைக்கல் கிடைக்கிறதே என்று மாக்னசைட்டைப் போட நினைக்காதீர்கள். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அதன் கடினம் 4-ஐ ஒட்டித்தான், குவார்ட்ஸ் 7. கார் டயர் திரும்பித் திரும்பி அதை அரைத்துவிடும்.

பழைய தளத்தின் மேலே இருக்கும் சிமென்ட் பால் படலத்தையும் எண்ணெய்க் கறையையும் கிரைண்டர் போட்டுச் சுரண்டாவிட்டால் ரெசின் தோல் மாதிரி உரிந்து வரும். விரிசலை அடைக்காமல் மூடினால் அதே கோடு மேலேயும் வரும். கான்கிரீட் விரிந்து சுருங்க விட்ட இடைவெளி, அதாவது ஜாயின்ட், இருந்த இடத்தில் புதுப் பூச்சிலும் ஜாயின்ட் விட வேண்டும்.

அளவில் கைக்கணக்கு வேண்டாம். 100 கிலோ கல்லுக்கு ஏறத்தாழ 7 கிலோ ரெசின். ஒவ்வொரு கலவையும் மிஷினில் ஒரே நேரம் சுற்ற வேண்டும், இல்லையென்றால் திட்டுத் திட்டாக நிறம் மாறும். 6 மி.மீ. சிப்ஸுக்கு 15 முதல் 18 மி.மீ. கனம். கேட் ஓரத்தில் மெலிதாக இழுத்து முடித்தால் பெயரும். அங்கேயும் முழு கனம் கிடைக்கும்படி கான்கிரீட்டை வெட்டி இறக்குங்கள். சாய்தளத்துக்கு உருண்டைக் கூழாங்கல் வழுக்கும், உடைத்த கல்தான் சரி.

சித்தப்பா எல்லாவற்றையும் சுரண்டிப் போட்டு, மாசியில் மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை ஷீட்டைத் தூக்கிப் பார்க்கிற வேலை சித்திக்கு. முதல் இரண்டு நாளும் அடியில் முத்து முத்தாக நின்றது. மூன்றாம் முறை விரித்தபோதுதான் காய்ந்து வந்தது. அப்புறம்தான் சித்தி டப்பாவைத் திறக்க விட்டார்.