காட்டோடை மீன்களைப் படமெடுக்கக் கிளம்புகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

புதுச்சேரி, கடலூர் பக்கம் கேமரா வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் பறவையில்தான் தொடங்கியிருப்பார்கள். ஊசுட்டேரி, பாகூர் ஏரி, பிச்சாவரம் என்று சுற்றிக் கை பழகியிருக்கும். அவர்களில் சிலருக்கு இப்போது மலையோடை மீன்கள் மேல் ஆசை வந்திருக்கிறது. மிகவும் நல்ல ஆசை. வஞ்சிரம், சங்கரா, கிழங்கான் என்று கடல்மீனைப் பார்த்தவுடன் பெயர் சொல்லிவிடும் ஊர் நம்முடையது. ஆனால் மலையோடையில் விரல் நீளத்தில் துள்ளும் மீனைக் காட்டினால் "ஏதோ கெண்டைக்குஞ்சு" என்று நகர்ந்துவிடுவோம்.

அந்த ஓடைகள் நமக்கு அந்நியமும் இல்லை. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி, மணிமுத்தாற்றோடு சேர்ந்து வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. கடலூரிலிருந்து பண்ருட்டி, உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி வழியாக விடியலில் கிளம்பினால் பத்து மணிவாக்கில் மலையில் இருக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிறவர்கள் விழுப்புரத்தில் ரயில் ஏறுவார்கள். எங்கே போனாலும், பறவைக்குப் பழகிய கையை அப்படியே ஓடைக்கும் கொண்டுபோவதில்தான் முக்கால்வாசித் தவறுகள் தொடங்குகின்றன.

விடியற்காலையில் போய் நிற்பது

பறவைக்கு அதிகாலை வெளிச்சம்தான் உயிர். ஓடை மீனுக்கு அது உதவாது. சூரியன் தாழ்வாக இருக்கும்போது வெளிச்சத்தில் கணிசமான பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்துவிடும். காட்டில் மரக்கூரை வேறு மறைக்கும். காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை, வெளிச்சம் செங்குத்தாக உள்ளே இறங்கும் நேரம்தான் வேலைக்காகும். அப்போதும் உச்சி வெயில் இலை இடுக்கில் புகுந்து திட்டுத்திட்டாக விழுந்தால், ஒரு பக்கம் வெளுத்துப்போய் மறுபக்கம் இருட்டிவிடும். மெல்லிய மேகம் மூடிய நண்பகல் கிடைத்தால் அதுதான் அதிர்ஷ்டம்.

காலம் தேர்ந்தெடுப்பதிலும் இதே கதைதான். பிள்ளைகளுக்கு லீவு என்று ஏப்ரல், மே மாதத்தில் கிளம்புவார்கள். அப்போது பல ஓடைகள் அறுந்து, அங்கங்கே மடுக்களாக மட்டும் நிற்கும். ஓடை முழுக்கப் பரவியிருந்த மீன்கள் எல்லாம் அந்த மடுவுக்குள் அடைந்து கிடக்கும். தண்ணீர் சூடேறி, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறைந்திருக்கும். அதில் நாம் இறங்கினால் அவற்றுக்கு ஓட வேறு இடமில்லை. அதே போல, புது வெள்ளத்தில் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறி முட்டையிடும் நாட்களில் கரையோடு நின்றுகொள்வதுதான் முறை. மழை ஓய்ந்து, கலங்கல் வடிந்து, தண்ணீர் தெளிந்த பிறகு போங்கள். கல்வராயன், கொல்லிமலை, ஜவ்வாது மலை ஓடைகளுக்கு டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம்.

போன வேகத்தில் தண்ணீரில் இறங்குவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். மீனுக்கு உடம்பின் இரு பக்கமும் பக்கக்கோடு என்ற உணர்வுறுப்பு உண்டு. தண்ணீரில் ஏற்படும் சின்ன அதிர்வையும் அது பிடித்துவிடும். நீங்கள் கூழாங்கல்லில் நடக்கும் நடை, முக்காலியைக் கல்லில் ஊன்றும் சத்தம், எல்லாமே நீங்கள் மீனைப் பார்ப்பதற்கு முன்பே அதற்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

பார்வை விஷயமும் இருக்கிறது. ஒளிவிலகலால், நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். கரையில் நிமிர்ந்து நிற்கும் ஆள் அந்த வட்டத்துக்குள் நன்றாகத் தெரிவார். நீர்மட்டத்துக்கு அருகே உட்கார்ந்திருப்பவர் வட்டத்தின் விளிம்பில் நசுங்கி, கண்ணில் படாமலே போய்விடுவார். ஆகவே நிற்காதீர்கள், உட்காருங்கள். நிழல் தண்ணீரில் விழாத பக்கமாகப் பார்த்து உட்காருங்கள். வெள்ளைச் சட்டையும் பளிச்சென்ற தொப்பியும் வேண்டாம்.

எந்தப் பக்கமிருந்து போகிறோம் என்பது இன்னும் முக்கியம். ஓடை மீன்கள் பெரும்பாலும் நீரோட்டத்துக்கு முகம் காட்டியே நிற்கும், அடித்துவரும் இரையைப் பிடிக்க அதுதான் வசதி. நீங்கள் கீழ்ப்பக்கமிருந்து மேல்நோக்கிப் போனால் அவற்றின் முதுகுப்பக்கமாக வருவீர்கள். உங்கள் காலடியில் கிளம்பும் சேறும் உங்களுக்குப் பின்னால் போய்விடும். மேலிருந்து கீழே இறங்கினால், கலங்கல் உங்களுக்கு முன்னால் போய் மீன் நிற்கும் இடத்தை மூடிவிடும். அப்புறம் அங்கே படமும் இல்லை, மீனும் இல்லை.

உட்கார்ந்த பிறகு கேமராவைத் தொடாமல் கொஞ்ச நேரம் பாருங்கள். கால் மணி நேரம் அசையாமல் இருந்தாலே ஓடை பழைய நிலைக்கு வரத் தொடங்கும். முதலில் மேல்மட்டத்தில் திரியும் சிறு மீன்கள் வரும், விழுந்த பூச்சிக்காக அவை சட்டென்று எழும்பி மறுபடி தங்கள் இடத்துக்கே திரும்பும். பிறகு கீழே, வேகமாகத் தண்ணீர் ஓடும் பாறையில், வாயாலேயே ஒட்டிக்கொண்டு பாசி மேயும் கர்ரா வகை மீன்கள். அவை மேய்ந்த இடத்தில் பாசி போய், விரலால் கோடு இழுத்ததுபோல வெளிர் தடங்கள் இருக்கும். அந்தத் தடத்தைப் பார்த்துவிட்டால் மீனைத் தேடவே வேண்டாம், அதே பாறைக்கு அது திரும்ப வரும். எந்தக் கல், எந்த நிழல், எந்தச் சுழல் என்று பார்த்து வைத்துக்கொண்டு, அங்கே மட்டும் கேமராவை இறக்கினால் போதும்.

கரையில் நின்றபடி ஜூம் பண்ணுவது

பெரிய ஜூம் லென்ஸ் இருக்கிறதே என்று மேலிருந்தே எடுத்தால் கிடைப்பது மீனின் முதுகும் வானத்தின் பிம்பமும்தான். கரையிலிருந்து எடுத்தே ஆகவேண்டும் என்றால் லென்ஸில் போலரைசர் வடிகட்டி போடுங்கள். நீர்ப்பரப்பிலிருந்து ஏறத்தாழ 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போது அது பிரதிபலிப்பை அதிகமாக வெட்டும். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் அது தின்றுவிடும் என்பதால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்ற வேண்டியிருக்கும்.

உண்மையான மீன் படம் மீனின் மட்டத்தில்தான் கிடைக்கும். அதற்கு, கேமராவைத் தண்ணீர் புகாமல் மூடும் விலையுயர்ந்த ஹவுசிங் கட்டாயமில்லை. நீர்புகாச் சிறு கேமராக்களில் ஒலிம்பஸ் டிஜி வரிசை மிக அருகில் போகஸ் ஆகும், ஓடை மீனுக்கு அது பெரிய வசதி. கோப்ரோ போன்ற ஆக்ஷன் கேமராவுக்கு சுமார் ஒரு அடி தூரம் வேண்டும். அதைவிட நெருங்கினால் மங்கலாகிவிடும் என்பது தெரியாமல், மீனின் மூக்குக்குக் கீழே வைத்துவிட்டு வருத்தப்படுகிறவர்கள் அதிகம். இன்னொன்று, தட்டையான கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்க்கும்போது நீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். அதனால் கரையில் நினைத்து வைத்த சட்டகம் உள்ளே போனதும் குறுகிவிடும். பிளாஷை லென்ஸுக்கு நேராக வைத்தால் தண்ணீரில் மிதக்கும் தூசு அத்தனையும் வெள்ளைப் புள்ளிகளாக மின்னும். முடிந்தவரை இயற்கை வெளிச்சமே போதும்.

ஹவுசிங் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். நம் கடற்கரை ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அந்தக் காற்றோடு கேமராவை மூடி எடுத்துப் போய், குளிர்ந்த மலைத்தண்ணீரில் இறக்கினால் உள்ளே கண்ணாடியில் பனி பூத்துவிடும். ஏசி அறையில் வைத்து மூடுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று உள்ளே போடுங்கள். மூடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் இருந்தாலும் தண்ணீர் கசியும். கிளம்புவதற்கு முந்தைய நாளே, கேமரா இல்லாமல் உள்ளே டிஷ்யூ பேப்பரை மட்டும் வைத்து, பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கிப் பாருங்கள்.

உடம்பில் எதையாவது பூசிக்கொண்டு இறங்குவது

கொசு விரட்டி, சன் ஸ்கிரீன், தேங்காய் எண்ணெய் என்று பூசிய கையோடு ஓடைக்குள் இறங்குவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஆறு வேறு, முழங்கால் ஆழ ஓடை வேறு. அங்கே இருக்கும் தண்ணீர் கொஞ்சம், அதில் எது கரைந்தாலும் மீனின் செவுளுக்கும் தவளைக்குஞ்சின் தோலுக்கும் நேராகப் போகும். துணியில் தெளிக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி மீன்களுக்குக் கடும் விஷம். டீட் கலந்த கொசு விரட்டி கேமராவின் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அரித்துவிடும். முழுக்கைச் சட்டையும் அட்டைக்கடிக்கு நீள சாக்ஸும் போட்டால் இதெல்லாம் தேவையே இல்லை. அட்டை ஏறினால் நகத்தால் நெம்பி எடுத்துவிடுங்கள். புகையிலையையும் உப்பையும் ஓடைக்கரையில் கரைக்காதீர்கள்.

மீனைப் பிடித்துத் தரச் சொல்வது

கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அந்த ஓடைகள் உள்ளங்கை போல. போனதும் அவர்களோடு பேசுங்கள். "அண்ணே, இந்த மடுவுல என்னென்ன மீன் இருக்கு, எந்த நேரத்துல வெளிய வரும்?" என்று கேட்டால் நாள் முழுக்க நாம் தேடினாலும் கிடைக்காத விவரம் கிடைக்கும். ஆனால் செல்போனில் ஒரு மீன் படத்தைக் காட்டி, "இது கெடைக்குமா?" என்று கேட்டுவிட்டால், விருந்தாளி ஆசைப்படுகிறாரே என்று பையன்கள் வலையோடு இறங்கிவிடுவார்கள். அவர்கள் அன்பால் செய்வது, தவறு கேட்டவருடையது. காசு கொடுத்துப் பிடிக்கச் சொல்வது அதைவிட மோசம்.

பிடித்துக் கண்ணாடித் தொட்டியில் விட்டு எடுக்கும் படம் பார்க்கத் துல்லியமாக இருக்கலாம். ஆனால் காய்ந்த கையால் தொட்டாலே மீனின் மேல் இருக்கும் வழவழப்பான படலம் உரிந்துவிடும், நோயிலிருந்து அதைக் காப்பதே அந்தப் படலம்தான். பயந்த மீன் நிறமும் வெளுத்துப்போகும். வனப்பகுதியில் அனுமதி இல்லாமல் மீன் பிடிப்பது சட்டப்படியும் குற்றம்.

கல்லைப் புரட்டிப் பார்ப்பதும் வேண்டாம். சில உளுவை வகைகள் கல்லின் அடியில்தான் முட்டையை ஒட்டி வைக்கும், ஆண் மீன் காவல் இருக்கும். கல்லைத் திருப்பி வைக்கும் நேரத்தில் மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். ஓடைக் கல்லை எடுத்து அடுக்கி விளையாடுவதிலும் இதே அழிவுதான். பொரியும் பிஸ்கட்டும் போட்டு மீனை வரவழைத்தால் கூட்டம் வரும், ஆனால் அதன் இயல்பான மேய்ச்சல், சண்டை, காவல் எதுவும் படத்தில் இருக்காது.

அனுமதியும் உயிரும்

2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலர் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை முறையாகத் திறந்தது. அவற்றில் ஓடையோரப் பாதைகளும் உண்டு. மற்ற இடங்களுக்கு வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்குங்கள், தெரிந்தவர் இருக்கிறார் என்று குறுக்கு வழியில் நுழையாதீர்கள்.

நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்தால் ஓடை நிமிடங்களில் ஏறிவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, கேமரா உள்ளே இருந்தாலும் பரவாயில்லை, கரையேறிவிடுங்கள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் படமெடுப்பவருக்கு எதுவும் கேட்காது. யானை நடமாடும் காடுகளில், அது வருவதைக் கேட்கவிடாத ஓடைச் சத்தமே ஆபத்து. ஆகவே ஒருவர் எடுத்தால் ஒருவர் கரையில் காவல், இதில் சமரசமே கூடாது. காலில் காயம் இருந்தால் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரலாம்.

பெயரில் அவசரம், இடத்தில் அலட்சியம்

திரும்பி வந்ததும் படத்தைப் போட்டு "கெண்டைக்குஞ்சு" என்று எழுதிவிடுவார்கள். ஓடையில் பார்க்கும் சிறு மீன்களில் பல குஞ்சே அல்ல, வளர்ந்த மீன்கள். ஒரே இனத்திலும் வயதுக்கு ஒரு கோலம் இருக்கும். டாகின்சியா ஃபிலமென்டோசா குஞ்சாக இருக்கும்போது உடலில் கரும்பட்டைகள், வளர்ந்த பிறகு வாலருகே ஒரே ஒரு கரும்பொட்டு, ஆணுக்கு முதுகுத் துடுப்பில் இழைகள். பக்கவாட்டில் ஒரு படம், துடுப்புகள் விரிந்த ஒன்று, மீசை தெரியும் ஒன்று, அது நின்ற இடம் தெரியும் ஒன்று, இவை இருந்தால்தான் அறிந்தவர்கள் இனத்தைச் சொல்ல முடியும்.

இடத்தைச் சொல்வதில் மட்டும் கஞ்சத்தனம் காட்டுங்கள். 'மிஸ் கேரளா' என்ற அழகான மேற்குமலை மீன், அலங்கார மீன் வியாபாரத்துக்காக ஓடை ஓடையாக அள்ளப்பட்டு அருகிப்போனது. 2008ல் கேரள அரசு அதைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு விதிக்க வேண்டி வந்தது. படத்தோடு ஜிபிஎஸ் விவரம் போகாமல் செல்போனில் அணைத்துவிடுங்கள். உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் இடத்தை மறைக்கும் வசதியைப் போடுங்கள். மாவட்டப் பெயர் போதும்.

மலைக்குப் போகும் முன் கை பழக, மழை முடிந்த மார்கழி, தை மாதங்களில் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால் பக்கம் போய் உட்காருங்கள். தெளிந்த இடமாகப் பார்த்தால் ஜிலேபியும் உளுவையும் கெண்டையும் கிடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் செந்நிறக் குஞ்சுக் கூட்டமும், அதற்குச் சற்றுக் கீழே அசையாமல் நிற்கும் தாய், தந்தை விராலும் கண்ணில் படும். அந்தக் குஞ்சுகளை நெருங்காமல், விராலை விரட்டாமல் ஒரு படம் எடுக்க முடிந்தால், நீங்கள் கல்வராயனுக்குக் கிளம்பலாம்.