நிச்சயமின்மைக் கோட்பாட்டைக் குழப்பமின்றிப் புரிந்துகொள்ளும் முறை

ஒரு துகளின் இருப்பிடமும் உந்தமும் (நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது) ஒருசேரத் துல்லியமாக அமைய முடியாது என்பதே நிச்சயமின்மைக் கோட்பாடு. அதைக் கற்கத் தொடங்குபவர் முதலில் பிரித்தறிய வேண்டியவை இரண்டு: துகளின் குவாண்டம் நிலையிலேயே அடங்கியிருக்கும் பரவல் (அளந்தால் கிடைக்கும் விடைகளின் சிதறல்) ஒன்று, அளவிடும் செயல் துகளுக்கு ஏற்படுத்தும் குலைவு மற்றொன்று. 1927-இல் வெர்னர் ஹைசன்பர்க், எலக்ட்ரானின் இருப்பிடத்தைக் காமாக் கதிரால் காண முயலும் நுண்ணோக்கி என்னும் கற்பனைச் சோதனையைக் கொண்டு விளக்கியபோது இவ்விரண்டும் கலந்தே பேசப்பட்டன. அந்தக் குழப்பம் இன்றும் வகுப்பறைகளில் தொடர்வது வருந்தத்தக்கது. நாம் தேர்வில் எழுதும் சமனிலி, அதே ஆண்டில் இயற்பியலாளர் கென்னார்ட் நிறுவியது. அது பரவலை மட்டுமே பேசுகிறது.

ஒரே விதமாகத் தயாரிக்கப்பட்ட ஏராளமான எலக்ட்ரான்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியில் இருப்பிடத்தை மட்டும், மறு பாதியில் உந்தத்தை மட்டும் அளந்து, இரு பட்டியல்களுக்கும் தனித்தனியே திட்டவிலக்கம் (பரவலின் அளவு) கணக்கிடுங்கள். அவற்றின் பெருக்கற்பலன், பிளாங்க் மாறிலியை 4π-ஆல் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்குக் கீழே ஒருபோதும் இறங்காது. எந்த எலக்ட்ரானும் இங்கே இருமுறை அளக்கப்படவில்லை. ஆகவே ஓர் அளவீடு மற்றொன்றைக் கெடுத்துவிட்டது என்ற விளக்கத்துக்கு இடமே இல்லை.

அடுத்து எண்களைப் போட்டுப் பாருங்கள். எலக்ட்ரானின் இருப்பிடப் பரவல் அணுவின் அளவான 0.1 நானோமீட்டர் என்றால், அதன் திசைவேகப் பரவல் நொடிக்குக் குறைந்தது சுமார் 580 கிலோமீட்டர். ஒரு மில்லிகிராம் எடையுள்ள மணல்துகளின் இருப்பிடப் பரவலை ஒரு மைக்ரோமீட்டராகக் கொண்டாலோ, கோட்பாடு கோரும் குறைந்தபட்சத் திசைவேகப் பரவலால் அது ஓராண்டில் விலகும் தொலைவு ஏறத்தாழ ஒரு புரோட்டானின் விட்டமே. அன்றாட வாழ்வில் இக்கோட்பாடு கண்ணில் படாததற்குக் காரணம் இதுதான்.

ஒளியைக் கொண்டு இதை நேரிலும் காணலாம். இரண்டு பிளேடுகளின் விளிம்புகளை மயிரிழை இடைவெளியில் நெருக்கி வைத்து, அதன் வழியே லேசர் சுட்டியின் ஒளியைச் சற்றுத் தொலைவிலுள்ள சுவரில் விழச் செய்யுங்கள். ஒளி கண்ணில் படக் கூடாது. இடைவெளியைக் குறைக்கக் குறைக்க, சுவரில் விழும் ஒளிப்பட்டை பிளவுக்குக் குறுக்கான திசையில் அகன்றுகொண்டே போகும். ஃபோட்டானின் குறுக்கு இருப்பிடத்தை நெருக்கியதால் குறுக்கு உந்தம் பரவியிருக்கிறது.

அளவீட்டைப் புரிந்துகொள்ள, ஸ்டெர்னும் கெர்லாக்கும் 1922-இல் வெள்ளி அணுக்களைக் கொண்டு செய்த சோதனையை மனத்தில் நீட்டிப் பார்ப்பதே சிறந்த வழி. அதில் அணுக்கள், தற்சுழற்சி என்னும் உள்ளார்ந்த குவாண்டம் பண்பைப் பொறுத்து, காந்தப்புலத்தில் இரண்டாகப் பிரியும். செங்குத்துக் காந்தப்புலத்தில் மேல்நோக்கி விலகிய அணுக்களை மட்டும் மீண்டும் செங்குத்தாக அளந்தால், அனைத்தும் மேலேயே செல்லும். இடையில் ஒருமுறை கிடைமட்டமாக அளந்து, அதில் ஒரு பக்கம் பிரிந்தவற்றை மட்டும் செங்குத்தாக அளந்தாலோ, பாதி மேலும் பாதி கீழுமாகப் பிரியும். முன்பு கிடைத்த விடை அழிந்துவிட்டது. குலைவு என்பது இதுதான்.

அந்தக் குலைவுக்கான எல்லையை 2003-இல் மசனாவோ ஒசாவா வேறொரு சமனிலியாக வகுத்தார். 2012-இல் வெளியான, நியூட்ரான்களின் தற்சுழற்சியைக் கொண்டு வியன்னாவில் செய்யப்பட்ட சோதனை, அவருடைய வரையறைப்படி அளவீட்டின் பிழையையும் அது ஏற்படுத்தும் குலைவையும் பெருக்கினால் வருவது கென்னார்டின் எல்லையை ஒத்த எல்லைக்கும் கீழே இறங்கக்கூடும் என்று காட்டியது. பிழையை வேறு விதமாக வரையறுப்பவர்கள் பழைய வடிவிலான எல்லையையே நிறுவியிருக்கிறார்கள். எனவே இத்துறைக் கட்டுரைகளைப் படிக்கும்போது, ஆசிரியர் எதைப் பிழை என்கிறார் என்பதை முதலில் பாருங்கள்.