இத்தாலியன்ல "எனக்கு, உனக்கு": இங்கிலீஷ் வழியா போகாம சொல்லிக்குடுக்குறது எப்படி

சிங்கப்பூர்ல, தேக்கா பக்கத்துல ஒரு காப்பிக்கடைல, வேலை முடிஞ்சு வர்ற நாலஞ்சு பேருக்கு இத்தாலியன் சொல்லிக்குடுக்குறேன். எல்லாரும் இங்கிலீஷ்ல படிச்சவங்க, "அவனை", "அவனுக்கு" ரெண்டுக்குமே "ஹிம்"னு தான் மனசுல ஓடும், அங்கேயே மாட்டிக்குவாங்க. தமிழ் வழியா போனா பாதி வேலை முடிஞ்சிடும், நம்ம "க்கு" அங்கயும் அப்படியே இருக்கு.

முதல் நாள் பட்டியல் எதுவும் காட்டாதீங்க. ஒருத்தரை கடைக்காரரா நிக்க வச்சு மத்தவங்களை ஆர்டர் பண்ணச் சொல்லுங்க: "மி தா உன் காஃபே?" எனக்கு ஒரு காப்பி தர்றீங்களா. "மி"ன்னா எனக்கு, "தா"ன்னா தர்றீங்க, நம்ம "தா" மாதிரியே கேக்குது பாருங்க! தற்செயல் தான், ஆனா மறக்கவே மாட்டாங்க. "எனக்கு" வினைக்கு முன்னாடி வர்றதும் நம்மள மாதிரியே.

அடுத்து, சீட்டுல கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி), தே ஓ (பால் இல்லாத டீ), பராட்டானு எழுதி நடுவுல போடுங்க. ஒருத்தர் எடுத்ததும் எல்லாரும் "ஆ கி?"னு கேக்கணும், யாருக்கு? அவர் ஒரு அக்காவ கை காட்டி "லே தோ இல் தே"னு சொல்லணும், அவங்களுக்கு டீ குடுக்குறேன். ரெண்டு சுத்து போனப்புறம் தான் பட்டியல்: மி எனக்கு, தி உனக்கு, ல்யி அவனுக்கு, லே அவளுக்கு, ச்சி எங்களுக்கு, வி உங்க எல்லாருக்கும். பேச்சுல "அவங்க எல்லாருக்கும்"னாலும் ல்யி தான். மரியாதையா ஒருத்தர்கிட்ட பேசினா, ஆம்பளையா இருந்தாலும் லே. "ச்சி"ன்னதும் சிரிப்பாங்க, சிரிக்கட்டும், அப்படித்தான் மனசுல நிக்கும். "ல்யி"க்கு நாக்கோட நடுப்பகுதி மேல ஒட்டணும், அவசரப்படாதீங்க.

அப்புறம் துரியான். "மி பியாச்சே இல் துரியான்", எனக்கு துரியான் பிடிக்கும். இங்கிலீஷ்ல "நான்" வரும், நமக்கு "எனக்கு" தான், அதனால விளக்கமே தேவையில்ல. ஒண்ணே ஒண்ணு, பிடிச்சது நிறைய இருந்தா "மி பியாச்சோனோ இ ரம்புத்தான்"னு மாறும், "பிடிக்கும்" அப்படி மாறாது, அதனால இத மட்டும் பழக்கணும். பக்கத்துல இருக்கவருக்கு என்ன பிடிக்கும்னு சொல்ல வச்சீங்கன்னா ல்யி, லே தானா வரும்.

இப்ப ரொம்ப முக்கியமான இடம், இங்க நேரம் எடுத்துக்குங்க. அவனுக்கு போன் பண்றேன், "ல்யி தெலேஃபோனோ", சரியா பொருந்துது. ஆனா போன வாரம் ஒரு அக்கா, அவனுக்கு ஹெல்ப் பண்றேன்னு நினைச்சு "ல்யி ஆயூதோ"னு எழுதினாங்க. தமிழ்ப்படி சரியான யோசனை, இத்தாலியன்ல "லோ ஆயூதோ", அதாவது "அவனை". நன்றி சொல்றதும் அதே மாதிரி, "லோ ரிங்க்ராட்ஸியோ". இந்த ரெண்டையும் ஒரு ரசீது பின்னாடி பெருசா எழுதிக் குடுத்தேன், அத போன் கவர்ல செருகி வச்சிருக்காங்க. இன்னொண்ணு, நம்ம "கிட்ட"வும் பல நேரம் "ல்யி" பக்கம் தான் வரும்: அவன்கிட்ட சொல்றேன், "ல்யி தீகோ", அவன்கிட்ட கேக்குறேன், "ல்யி கியேதோ".

குடு எனக்கு "தம்மி", சொல்லு எனக்கு "திம்மி", இதுல "மி" பின்னாடி போய் ஒட்டிக்கும். முதல் மாசம் விளக்காதீங்க, ஆர்டர் பண்றப்ப நீங்களே சொல்லிட்டிருங்க, காதுல விழட்டும்.