மேடைக்கு டிஜிட்டல் பியானோ: முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

பாம்பன் ஆலயத் திருவிழாவோ மண்டபத்தில் ஒரு கல்யாண வரவேற்போ, மேடைக்கென்று பியானோ வாங்கப் போகிறவர் வாசித்துப் பார்ப்பதற்கு முன் அதைத் திருப்பி வைத்து ஜாக்குகளைப் பார்க்க வேண்டும்.

1. லைன் அவுட் இருக்கிறதா?

யமஹா பி-225, ரோலண்ட் எஃப்பி-30எக்ஸ், கேசியோ பிஎக்ஸ்-எஸ்1100 மூன்றிலும் மிக்ஸருக்குக் கொடுக்கவென்றே இடது, வலது என இரண்டு தனி அவுட் (லைன் அவுட்) உண்டு. யமஹா பி-45, ரோலண்ட் எஃப்பி-10 இரண்டிலும் ஹெட்போன் அவுட் மட்டும்தான். விலை குறைவு என்று பலர் எடுப்பது இவற்றைத்தான்.

ஹெட்போன் அவுட்டிலிருந்தும் மிக்ஸருக்குக் கொடுக்கலாம். ஆனால் இரு முனையிலும் ஸ்டீரியோ பின் உள்ள ஒயரைச் செருகினால், மிக்ஸரின் பேலன்ஸ்டு இன்புட் (இரண்டு சிக்னலின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் ஜாக்) இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். இரண்டிலும் பொதுவாக இருக்கும் சத்தம் காணாமல் போய், பியானோ தகர டப்பா மாதிரி கேட்கும். சவுண்டு செட்டுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு ஸ்டீரியோ பின், இரண்டு மோனோ பின் உள்ள 'ஒய்' ஒயர் வாங்கி, மிக்ஸரில் இரண்டு சேனலில் போடுங்கள்.

லைன் அவுட் உள்ளவர்கள் ஒரே சேனல்தான் கிடைத்தால் 'எல்/மோனோ'வில் மட்டும் செருகுங்கள். மிக்ஸர் தூரத்தில் இருந்தால் நடுவே டிஐ பாக்ஸ் (நீண்ட ஒயரில் இரைச்சல் சேராதபடி சிக்னலை மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வேண்டும். 'ம்ம்' என்று இரைச்சல் வந்தால் அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள்.

2. டிரான்ஸ்போஸ் எத்தனை அழுத்தலில்?

டிரான்ஸ்போஸ் என்பது விரல் வைக்கும் கீயை மாற்றாமலே சுருதியை ஏற்றி இறக்கும் வசதி. 1 கட்டையில் (C) பழகிய பாட்டை 5½ கட்டை (G#) பாடகிக்கு வாசிக்க −4, அதாவது நாலு அரைச்சுரம் கீழே, வைக்க வேண்டும். பி-45இல் ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டே குறிப்பிட்ட கீயைத் தொட்டால்தான் இது மாறும். அடுத்தடுத்த பாட்டுக்கு நடுவே, இருட்டில், இது வேதனை. கடையிலேயே மாற்றிப் பாருங்கள்.

சினிமாப் பாட்டில் சுரத்தை வளைக்க வேண்டுமென்றால், அதற்கான பிட்ச் பெண்ட் சக்கரமும் தேவை. மேலே சொன்ன எதிலும் அது கிடையாது. கேசியோ பிஎக்ஸ்-எஸ்3100இல் உண்டு.

3. எடை

பி-225 11.5 கிலோ, எஃப்பி-30எக்ஸ் 14.8 கிலோ. உறை, ஸ்டாண்டு, ஒயர் சேர்ந்தால் 20 கிலோ பக்கம் வந்துவிடும். நீளமும் நாலடிக்கு மேல். ராமநாதபுரத்தில் பஸ் மாறிப் போகிறவர் தனியாளாகத் தூக்க முடியாது. ரோலண்ட் கோ:பியானோ88 வெறும் 7 கிலோ. ஆனால் கீ லேசாக இருக்கும், அதற்கும் 'ஒய்' ஒயர்தான்.

4. கரண்டு

ஜெனரேட்டருக்கு மாற்றும் சில விநாடியில் பியானோ அணைந்துவிடும். திரும்ப ஆன் செய்யும்போது பல மாடல்களில் டிரான்ஸ்போஸ் பூஜ்யத்துக்குப் போயிருக்கும். கவனிக்காமல் தொட்டால் பாடகி ஒரு சுருதி, நீங்கள் ஒரு சுருதி. கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் போதும்.

இன்னொன்று: பி-45 அரை மணி நேரம் தொடாமலிருந்தால் தானே அணையும். நம்மூர் வாழ்த்துரைகளுக்கு அரை மணி நேரம் எந்த மூலைக்கு? கடைசி இடப்பக்கக் கீயை அழுத்திக்கொண்டு ஆன் செய்தால் அந்த வசதி நின்றுவிடும்.

5. உப்புக்காற்று

உப்பு ஈரத்தை இழுக்கும். ஜாக் பச்சை பிடித்துக் கரகரக்கும். வாசிக்காத நேரமெல்லாம் துணி போட்டு மூடுங்கள். வீடு வந்ததும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு உறையில் போடுங்கள். கரகரக்கும் ஜாக்குக்கு எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் மட்டும், எண்ணெய் வேண்டாம். ஏசி காரிலிருந்து இறக்கியதும் சுவிட்சைப் போடாதீர்கள். குளிர்ந்த பியானோமேல் கடற்காற்றின் ஈரம் படியும், அரை மணி நேரம் அப்படியே விடுங்கள்.