ஐரோப்பிய ஜாஸ் இசைத்தட்டுகள்: கேட்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பிய ஜாஸ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மியூனிக்கின் இ.சி.எம். இசைத்தட்டு நிறுவனத்தின் ஓசைதான்: நீண்ட எதிரொலி, நிதானமான பியானோ, பனிமூட்டம் சூழ்ந்த அட்டைப்படம். மான்ஃப்ரெட் ஐஷர் 1969இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் சாதனையில் ஐயமில்லை. ஆயினும் அதை மட்டும் அளவுகோலாகக் கொண்டு ஒரு கண்டத்தின் இசையையே எடைபோடுவது பிழை. சூரிச்சைச் சேர்ந்த இன்டாக்ட் என்னும் சிறு நிறுவனத்தின் தட்டுகளில் ஒன்றிரண்டைக் கேட்டாலே அந்த எண்ணம் கலைந்துவிடும். பியானோ கலைஞர் இரேன் ஸ்வைட்சரின் மேடை ஒலிப்பதிவை வெளியிடுவதற்காகவே 1986இல் பிறந்த நிறுவனம் அது; அவருடைய கைகளில் பியானோ பாதி நேரம் தாளவாத்தியமாகவே ஒலிக்கும்.

அந்த முதல் தட்டு இன்னொரு தவறையும் காட்டிக்கொடுக்கிறது. அது வெளிவந்தது 1986இல் என்றாலும் அதிலுள்ள இசை 1984இல் வாசிக்கப்பட்டது. சிறு நிறுவனங்களிடம் பணம் சேர்ந்தபோதுதான் தட்டு வரும் என்பதால், வெளியீட்டு ஆண்டையே இசை பிறந்த ஆண்டாகக் கொண்டு யார் யாரைப் பின்பற்றினார் என்று முடிவு கட்டக் கூடாது. உள்ளிருக்கும் சிறு புத்தகத்தில் ஒலிப்பதிவான நாளும் இடமும் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும்.

சுதந்திர ஜாஸ், அதாவது முன்கூட்டி வகுத்த மெட்டுக்கும் தாளத்துக்கும் கட்டுப்படாத ஜாஸ், வாசிக்கும் ஐரோப்பியர்கள் அமெரிக்க மரபை உதறியவர்கள் என்ற நினைப்பும் பரவலாக உண்டு. அந்த வட்டத்தின் முன்னோடியான ஜெர்மானியப் பியானோ கலைஞர் அலெக்சாண்டர் ஃபான் ஷ்லிப்பென்பாக், அமெரிக்க ஜாஸ் மேதை தெலோனியஸ் மங்க் இயற்றியவை அனைத்தையும், அதாவது சுமார் 70 உருப்படிகளை, ஐவர் குழுவுடன் வாசித்து 2005இல் இன்டாக்ட் வழியாக மூன்று குறுந்தகடுகளில் வெளியிட்டார் என்பது ஒன்றே அதற்குப் போதுமான மறுப்பு. அமெரிக்கா மட்டுமல்ல, ஆப்பிரிக்காவும் இந்தக் கதையில் உண்டு. 1960களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியேறி சூரிச்சின் ஆஃப்ரிகானா விடுதியில் வாசித்த கலைஞர்களைக் கேட்டு வளர்ந்தவர் ஸ்வைட்சர். பின்னாளில் அவர்களுள் ஒருவரான டிரம் கலைஞர் லூயிஸ் மொஹோலோவுடன் இணைந்து இதே நிறுவனத்துக்காக வாசித்தார்.

மங்க் தொகுப்பைக் கைப்பேசியில் வரிசையைக் கலைத்துப் போட்டுக் கேட்டது நான் செய்த முட்டாள்தனம். சில உருப்படிகள் மிகச் சுருக்கமாக முடியும், சில ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வரும் என்பது தெரியாமல், கோப்புதான் பழுதாகிவிட்டது என்று எண்ணி மறுபடியும் தரவிறக்கினேன். வரிசைப்படி ஒரு தட்டை முழுதாகக் கேட்டபோதுதான் ஒரு மெட்டின் வாலைப் பிடித்து அடுத்தது நுழைவது புரிந்தது.

கையால் தாளம் போட்டுக்கொண்டே கேட்கும் பழக்கமும் சில இடங்களில் உதவாது. ஸ்வைட்சரும் டிரம் கலைஞர் பியர் ஃபாவ்ரேயும் சேர்ந்து வாசிக்கும்போது, ஃபாவ்ரே ஆவர்த்தனக் கணக்கைக் காத்து நிற்பதில்லை. பியானோவின் வாக்கியத்துக்கு ஜால்ராத் தகடுகளாலும் தோலாலும் பதில் சொல்கிறார். தாளம் தொடங்கும் இடமான சமம் எங்கே என்று தேடுபவருக்கு அது குழப்பமாகவும், இருவர் பேச்சாகக் கேட்பவருக்குத் தெளிவாகவும் இருக்கும்.

வாங்கும் விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. தீர்ந்துபோன தட்டைப் பழைய தட்டு வியாபாரியிடம் கொள்ளை விலைக்கு வாங்கும் முன் நிறுவனத்திடமே விசாரியுங்கள், கையிருப்பு இருக்கக்கூடும். பேண்ட்கேம்ப் தளத்தில் டிஜிட்டலாக வாங்கினால், பொதுவாகத் தளத்தின் 15 சதவீதப் பங்கும் பணப்பரிமாற்றக் கட்டணமும் போக மீதி நிறுவனத்துக்கே போய்ச் சேரும். ஆனால் கோப்புகளோடு அந்தச் சிறு புத்தகமும் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாசித்தவர் பெயர்கூட இல்லாமல் வெறும் ஒலிக்கோப்பு மட்டும் வந்து சேர்வதும் உண்டு.